மைதானத்தில் இருந்து கேமரா முன்னால்: விளையாட்டு வீரர்கள் நடிக்க வருவது எப்படி

மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ விளையாடுகிற ஒரு பையனோ பெண்ணோ "நடிக்கணும்னு ஆசை" என்று வாயைத் திறந்தால், சுற்றி இருப்பவர்கள் உடனே சொல்வது "உனக்கென்னப்பா, உடம்பு இருக்கு, ஈஸியா சான்ஸ் கிடைச்சிடும்" என்பதுதான். அதை நம்பி சென்னைக்கு வந்து, சாலிகிராமத்திலும் வளசரவாக்கத்திலும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கடைசியில் விளையாட்டும் போய் நடிப்பும் கைகூடாமல் ஊர் திரும்பியவர்கள் நிறைய. அவர்களில் பலருக்குத் திறமை இருந்தது. எதை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும், எதை அவசரப்பட்டு விடக் கூடாது என்று சொல்லித்தர ஆள்தான் இல்லை. கபடி, பாக்ஸிங், தடகளம், கால்பந்து, சிலம்பம் என்று எதில் இருந்து நீங்கள் வந்தாலும் இங்கே சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் தமிழில் வந்த விளையாட்டுப் படங்களைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். கனா (2018) படத்தில் பந்து வீசிய ஐஸ்வர்யா ராஜேஷ் கிரிக்கெட் வீராங்கனை இல்லை, படத்துக்காகக் கற்றுக்கொண்டவர். சார்பட்டா பரம்பரை (2021) ஆர்யாவும் அப்படித்தான். அர்ஜுனா விருது பெற்ற கபடி வீரர் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி வந்த பைசன் (2025) படத்துக்கு துருவ் விக்ரம் நீண்ட காலம் கபடிப் பயிற்சி எடுத்தார். அதாவது இயக்குநர் கையில் எப்போதும் இரண்டு வழிகள் இருக்கின்றன: நடிகருக்கு விளையாட்டைக் கற்றுக்கொடுப்பது, இல்லையென்றால் வீரருக்கு நடிப்பைக் கற்றுக்கொடுப்பது. பெரும்பாலும் அவர்கள் முதல் வழியைத்தான் எடுக்கிறார்கள். காரணம் இருக்கிறது. கபடியில் ஒரு ரெய்டை நான்கு துண்டாக எடுத்து எடிட்டிங்கில் ஒட்டி நிஜம் மாதிரி காட்டிவிடலாம், குளோசப்பில் முகத்துக்கு அந்த வசதி கிடையாது.

இதற்கு விதிவிலக்காக வந்தவர் ரித்திகா சிங். இயக்குநர் சுதா கொங்கரா இறுதிச்சுற்று (2016) படத்துக்கு நிஜமாகவே சண்டை போடத் தெரிந்த பெண்தான் வேண்டும் என்று நின்றார், கிக்பாக்ஸிங்கில் இருந்து மும்பைப் பெண் ஒருவர் வந்தார். ஆனால் அந்தப் படத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். அவருக்கு தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு வாங்கித் தந்தது குத்துச்சண்டைக் காட்சிகள் மட்டும்தானா? வடசென்னையில் மீன் விற்கிற ஒரு பெண்ணின் திமிர், கோபம், பயிற்சி தருகிற மாஸ்டர் மேல் வருகிற ஆசை, அதை மறைக்கத் தெரியாத அந்த வயசு, இவ்வளவும் முகத்தில் தெரிந்தது. ரிங்குக்கு வெளியே நடந்ததுதான் அவரை நடிகையாக்கியது.

விஷ்ணு விஷாலின் கதை இன்னொரு மாதிரி. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீக் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தவர், காலில் அடிபட்டதால் கிரிக்கெட்டை விட வேண்டி வந்தது. அவர் அறிமுகமானதோ வெண்ணிலா கபடி குழு (2009) படத்தில், கபடி ஆடுகிறவராக. கிரிக்கெட் வீரராக ஜீவா படத்தில் நடிக்க அவருக்கு இன்னும் ஐந்து வருடம் ஆனது. உங்கள் விளையாட்டே உங்களுக்கு வேஷம் வாங்கித் தரும் என்ற கணக்கில் சென்னைக்குப் பஸ் ஏறாதீர்கள். உங்களிடம் இருக்கிற உழைப்பும் ஒழுங்கும் உதவும், குறிப்பிட்ட அந்த விளையாட்டு உதவலாம், உதவாமலும் போகலாம்.

மைதானம் கற்றுக்கொடுத்த ஒன்றை மறக்க வேண்டும்

எனக்குத் தெரிந்து விளையாட்டில் இருந்து வருகிறவர்களுக்குப் பெரிய தடை இதுதான், இதை யாரும் சொல்லித்தருவதும் இல்லை. மைதானத்தில் நீங்கள் சின்ன வயதில் இருந்தே பழகியது மறைக்க. வலித்தால் காட்டக் கூடாது, மூச்சு வாங்கினால் எதிராளிக்குத் தெரியக் கூடாது, எந்தப் பக்கம் பாயப் போகிறீர்கள் என்பது கண்ணில் தெரிந்துவிடவே கூடாது. பயிற்சியாளர் திட்டும்போது தலையைக் குனிந்து முகத்தை இறுக்கிக்கொண்டு நிற்பது பழகிப்போய், அதுவே உங்கள் முகமாகிவிட்டிருக்கும். கேமரா கேட்பது இதற்கு நேர் எதிர். நீங்கள் உள்ளே மறைக்கிறதைத்தான் அது பார்க்க வேண்டும்.

உங்களிடம் இந்தப் பழக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். செல்போனைக் கண் உயரத்தில், மார்பு வரை தெரிகிற மாதிரி வையுங்கள். ஒரு நாற்காலி போதும். உள்ளே வந்து உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். அந்த நேரத்தில் நண்பர் ஒருவர் ஃபிரேமுக்கு வெளியே இருந்து "லிஸ்ட்ல உன் பேர் இல்லடா" என்று சொல்லட்டும். நீங்கள் வசனம் எதுவும் பேசக் கூடாது, கால் மணி நேரம் முன்னால் உங்களுக்கு நம்பிக்கை இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான் காட்சி. அப்புறம் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான வீரர்கள் எடுத்த வீடியோவில் தாடை இறுகும், பார்வை தரைக்குப் போகும், அதோடு முடிந்துவிடும். சேதி கேட்பதற்கு முன்னாலும் பின்னாலும் முகம் ஒன்றுதான்.

இதைச் சரிசெய்ய முகத்தை அசைக்க முயற்சி செய்யாதீர்கள், மிகையாகிவிடும். மூச்சைப் பிடியுங்கள். மூச்சு உங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம், நாற்பது மீட்டரில் எங்கே இழுக்க வேண்டும், "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே எங்கே அடக்க வேண்டும் என்று உடம்புக்குத் தெரியும். சேதி காதில் விழுந்ததும் மூச்சு எங்கே நிற்கிறது, எப்போது மறுபடி வருகிறது என்பதை மட்டும் கவனித்து அதே காட்சியைத் திரும்ப எடுங்கள். தண்ணீர் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் மூச்சு ஒரு கணம் நின்று, அப்புறம் மூக்கு வழியாக மெதுவாக வெளியே வந்தால், கண் தானாகவே மாறும். வித்தியாசம் செல்போன் திரையிலேயே தெரியும். புதுச்சேரி பக்கத்தில், ஆரோவில் அருகே வீணாபாணி சாவ்லா உருவாக்கிய ஆதிசக்தி நாடகக் குழு, மூச்சுக்கும் உணர்ச்சிக்கும் உள்ள உறவை வைத்தே நடிகர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது. களரியும் அங்கே பயிற்சியில் உண்டு. விளையாட்டு உடம்போடு போகிறவர்களுக்கு அந்த மாதிரிப் பட்டறை ரொம்பவே ஒத்துப்போகும்.

சென்னையிலேயே கற்றுக்கொள்ள நினைத்தால் நாடகக் குழுக்களைத் தேடுங்கள். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறையில் இருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் என்று எத்தனை பேர் வந்தார்கள் என்பது தெரிந்த கதை. முறையாகப் படிக்க விருப்பம் இருந்தால் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத்துக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது, புனேயில் உள்ள திரைப்படக் கல்லூரியில் நடிப்புக்கென்றே இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. "மூன்று மாதத்தில் ஹீரோ" என்று போஸ்டர் ஒட்டுகிற இடங்களில் பணம் கட்டுவதற்கு முன்னால், அங்கே படித்தவர்கள் யார், இப்போது என்ன செய்கிறார்கள் என்று இரண்டு பேரையாவது நேரில் பார்த்துக் கேட்டுவிடுங்கள்.

குரலும் உழைப்பு கேட்கும். மைதானத்தில் நாம் பேசுவதெல்லாம் ஒற்றைச் சொல் கத்தல்தான்: "பிடி", "விடு", "லெஃப்ட்". நீளமான வசனம் வந்தால் பாதியில் மூச்சு போய்விடும், கடைசி வார்த்தையை விழுங்கிவிடுவோம். தினமும் காலையில் ஒரு சிறுகதையை எடுத்து அரை மணி நேரம் சத்தமாக வாசியுங்கள். உங்கள் ஊர்ப் பேச்சை விட்டுவிடாதீர்கள், திருநெல்வேலியோ கோவையோ அது உங்கள் சொத்து. கூடவே இன்னொரு வட்டாரத்தின் பேச்சையும் காதால் கேட்டுப் பழகுங்கள். பிற்பாடு டப்பிங் தியேட்டரில் உங்கள் உதட்டசைவுக்கு நீங்களே பேச வேண்டி வரும்போது, ஷூட்டிங் நாளில் ஓடிக்கொண்டே பேசிய வசனத்தை அசையாமல் நின்றுகொண்டு அதே மூச்சிரைப்போடு பேச வேண்டும். குரல் தாங்கவில்லை என்றால் வேறு ஒருவர் குரல் கொடுத்துவிடுவார், உங்கள் நடிப்பில் பாதி அவருடையதாகிவிடும்.

செட்டில் வீரர்கள் தடுக்கி விழுகிற இடங்கள்

சண்டைக் காட்சி என்றால் நமக்கு அத்துப்படி என்று நினைப்போம், அங்கேதான் ஆபத்து. ரிங்கில் குத்து போய்ச் சேர வேண்டும், கேமரா முன்னால் குத்து போய்ச் சேரக் கூடாது. உங்கள் கை எதிரில் இருப்பவர் முகத்துக்கு ஒரு அடி முன்னால் கடந்து போகும், கேமரா கோணம் அந்த இடைவெளியை மறைத்துவிடும், அடி விழுந்ததாகக் காட்டுவது வாங்குகிறவரின் ரியாக்‌ஷன். உங்கள் வேலை அவருக்கு டைமிங் கொடுப்பது. அதனால் கையை வீசுவதற்கு முன்னால் தோளைக் கொஞ்சம் இழுத்து "வருது" என்று காட்ட வேண்டும், ரிங்கில் எதைச் செய்தால் தோற்போமோ அதை இங்கே வேண்டுமென்றே செய்ய வேண்டும். வேகத்தில் நிஜமாகவே இடித்துவிட்டால், நீங்கள் காயப்படுத்துவது அன்றைய பேட்டாவுக்கு (தினப்படிக்கு) வந்திருக்கும் ஒரு ஃபைட்டரை. ஸ்டண்ட் மாஸ்டர் எண்ணுகிற எண்ணிக்கைக்கு முதலில் மெதுவாக, பிறகு அரை வேகத்தில், அப்புறம்தான் முழு வேகத்தில் செய்யுங்கள்.

அதேபோல "நான் ஸ்போர்ட்ஸ்மேன், டூப் வேண்டாம், நானே குதிக்கிறேன்" என்று கை தூக்காதீர்கள். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் பக்கம் நடந்த ஒரு படப்பிடிப்பில், கார் சாகசக் காட்சியில் அனுபவம் மிக்க ஒரு ஸ்டண்ட் கலைஞரே உயிரிழந்தார். முழு வாழ்க்கையையும் அதற்கே கொடுத்தவர்களுக்கே இந்த நிலைமை. ஃபைட்டராகவே வேலை செய்ய விருப்பம் இருந்தால் அது தனித் தொழில், ஃபெப்சியில் (சினிமாத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பு) உள்ள ஸ்டண்ட் யூனியனில் முறைப்படி கார்டு வாங்கிக்கொண்டு இறங்குங்கள். நடிகராக வந்தவர் தன் துணிச்சலைக் காட்ட உயரத்தில் இருந்து குதித்தால், முழங்கால் ஜவ்வு கிழிந்தால், படமும் போகும் விளையாட்டும் போகும்.

இன்னொன்று காத்திருப்பு. மேட்ச் பத்து மணிக்கு என்றால் ஒன்பதுக்கு வார்ம்-அப், உடம்பு அந்த நேரத்துக்குத் தயாராகும். ஷூட்டிங்கில் காலை ஆறு மணிக்கு வரச் சொல்வார்கள், மேக்கப் போட்டு உட்கார வைப்பார்கள், வெயில் மாறும், லைட் மாறும், உங்கள் ஷாட் மாலை நான்கு மணிக்கு வரும். அப்போது "நூறு மீட்டர் ஓடி வாங்க" என்பார்கள். உடம்பு குளிர்ந்து கிடக்கும்போது முழு வேகத்தில் ஓடித் தொடைத் தசையைப் பிடிக்க வைத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் நிஜமான ஓட்டக்காரர்கள்தான். மணிக்கு ஒரு முறை எழுந்து உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள், கேமரா வண்டி என்ன வேகத்தில் வருகிறது என்று முன்கூட்டியே கேளுங்கள், அதற்கு மேல் ஓடி ஒரு பயனும் இல்லை. எந்தக் கையால் வேர்வையைத் துடைத்தீர்கள், எந்த வார்த்தையில் திரும்பினீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். அடுத்த டேக்கிலும், கோணம் மாறி எடுக்கும்போதும் அதே கை, அதே வார்த்தை. ஒரே அசைவை நூறு முறை பயிற்சி செய்தவர்கள் நீங்கள், இந்த ஒரு விஷயத்தில் மற்றவர்களைவிட உங்களுக்கு வேகமாகக் கைவரும்.

உள்ளே நுழைவது

விளையாட்டை விட்டுவிட்டு வராதீர்கள். களத்தில் இருக்கும்போதே, சீசன் இல்லாத மாதங்களில் ஆரம்பியுங்கள். தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியிலும், சாலிகிராமத்தில் உள்ள எல்.வி. பிரசாத் அகாடமியிலும் மாணவர்கள் குறும்படம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், நடிக்க ஆள் தேடுவார்கள். சம்பளம் பெரும்பாலும் இருக்காது, ஆனால் நல்ல கேமராவில், கற்றுக்கொள்ளும் வயதில் இருப்பவர்களோடு தவறு செய்து பழகலாம். அந்த மாணவர்கள்தான் நாளைக்கு உதவி இயக்குநர்கள். ஒரு படத்துக்கு யார் யார் நடிக்கலாம் என்று முதல் பட்டியல் போடுவது பெரும்பாலும் அவர்கள்தான்.

போர்ட்ஃபோலியோ என்று ஆயிரக்கணக்கில் செலவு செய்ய வேண்டியதில்லை. பகல் வெளிச்சத்தில், முகத்தை மெருகேற்றாமல், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று. சட்டை கழற்றிய படத்தை முதலில் வைக்கிற பழக்கம் வேண்டாம். அதைப் பார்த்ததும் "வில்லன் கூட்டத்தில் நிற்க ஆள்" என்ற பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஒரு நிமிடம் நீங்கள் சாதாரணமாகப் பேசுகிற வீடியோ, ஒரு நிமிடம் நடிக்கிற வீடியோ, முப்பது நொடி விளையாடுகிற வீடியோ, இந்த வரிசையில் அனுப்புங்கள். உயரம், தெரிந்த மொழிகள், நீச்சல், பைக், குதிரை, சிலம்பம் எல்லாவற்றையும் எழுதுங்கள். தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் செட்டில் எல்லார் முன்னாலும் மாட்டிக்கொள்வீர்கள்.

விளையாட்டுப் படம் ஒன்று தொடங்கினால், எதிரணியில் ஆடவும், நடிகர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் நிஜ வீரர்களைக் கூப்பிடுவார்கள். பயிற்சியாளராகப் போவது நல்ல வாசல் என்பது என் அபிப்பிராயம். இரண்டு மூன்று மாதம் ஒரு நடிகரோடு தினமும் இருந்து, ஒரு காட்சியை அவர் எப்படித் தயார் செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார்க்க வேறு எங்கே கிடைக்கும்? ஆனால் உங்களுக்கும் நடிக்க ஆசை என்பதை முதல் நாளே இயக்குநரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் கடைசி வரை நீங்கள் "கோச் சார்"தான்.

வேஷத்துக்குப் பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். ஆடிஷன் கட்டணம், கார்டு எடுக்க முன்பணம், "புரொடியூசரைப் பார்க்கணும், டிரஸ் வாங்கணும்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அது ஏமாற்றுதான். இன்ஸ்டாகிராமில் வருகிற அறிவிப்பை அந்தப் பட நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். பெண்கள் ஆடிஷனுக்கு ஆபீஸுக்கு மட்டும், பகலில் மட்டும், கூட ஒருவரோடு போங்கள். ஹோட்டல் அறைக்கு வரச் சொன்னால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லை குறித்த உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013 சட்டம், படப்பிடிப்புத் தளமும் வேலை செய்கிற இடம்தான். மைதானத்தில் சீனியரை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த பெண்கள் இந்த ஒரு இடத்தில் அந்தப் பணிவை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டும்.

வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். ரயில்வே, போலீஸ், வருமான வரித்துறை, வங்கி என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கியிருந்தால், சம்பளம் வாங்கிக்கொண்டு நடிப்பதற்கு முன் எழுத்து மூலமாக அனுமதி வாங்க வேண்டும். "மேலதிகாரிக்குத் தெரியும், அவரே ஓகே சொன்னார்" என்ற வாய்வார்த்தை போதாது, படம் வெளியாகி போஸ்டரில் முகம் வந்த பிறகு யாராவது ஒரு மனு போட்டால் வேலைக்கே வேட்டு. லீக்கில் ஒப்பந்தம் போட்டிருந்தால் அதிலும் விளம்பரம், படம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். அந்த வேலையை மட்டும் அவசரப்பட்டு விடாதீர்கள். மாதச் சம்பளம் வருகிறவரால் மோசமான வேஷத்துக்கு முடியாது என்று சொல்ல முடியும், வாடகைக்குத் திண்டாடுகிறவரால் முடியாது.

முதல் படம் கிடைத்ததும் பட நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை: எத்தனை நாள் கால்ஷீட், எவ்வளவு சம்பளம், எப்போது கைக்கு வரும், அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது. கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படாதீர்கள். வீரர்களின் உடம்பில் பழைய காயம் இல்லாமல் இருக்காது, அதையும் முன்பே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது வேஷம்

முதல் படம் ஓடினால் அதே வேஷம் நான்கு இடத்தில் இருந்து வரும். உயரமும் உடம்பும் மட்டுமே அடையாளமாகிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிரவீன் குமார் சோப்தியைச் சொல்லலாம். 1966, 1970 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வட்டு எறிதலில் தங்கம் வாங்கியவர், ஒலிம்பிக்ஸ் போனவர். தொலைக்காட்சி மகாபாரதத்தில் பீமன், நம் ஊரில் மைக்கேல் மதன காமராஜனில் "பீம்பாய்". மக்கள் மனதில் அழியாமல் நின்றார், ஆனாலும் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டது அந்த உருவம்தான். தடகள வீராங்கனை அஸ்வினி நாச்சப்பா, தன் வாழ்க்கையை ஒட்டி மௌலி இயக்கிய அஸ்வினி (1991) என்ற தெலுங்குப் படத்தில் அவரே நாயகியாக நடித்தார். சொந்தக் கதை முதல் படத்துக்கு வரும், அடுத்த படத்துக்கு வேறு ஏதாவது வேண்டும்.

இறுதிச்சுற்று வந்த அதே 2016இல் ரித்திகா நடித்த அடுத்த தமிழ்ப் படம் ஆண்டவன் கட்டளை. அதில் அவர் ஒரு செய்தியாளர். குத்து இல்லை, கிளவுஸ் இல்லை, முறைப்பு இல்லை, ஒருவர் பேசுவதை உட்கார்ந்து கேட்கிற காட்சிகள் நிறைய. அப்படி ஒரு வேஷத்தைத் தேடுங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும், நான்கு காட்சிதான் என்றாலும், மளிகைக் கடைக்காரர், ஆஸ்பத்திரி அட்டெண்டர், அக்கா வீட்டுக்காரர் என்று உடம்புக்கு வேலையே இல்லாத பாத்திரமாக இருக்கட்டும். அதற்கான ஆடிஷனுக்குப் போகும்போது விளையாட்டு வீடியோவை அனுப்பாதீர்கள், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், என்ன விளையாடினீர்கள் என்பதை அவர்கள் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.